காலைத் தூக்க மறுத்த படகு

“ஆழம் அறியாமற் காலை விடாதே” என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. அறியாமற் காலை விட்டுவிட்டால், பின் அதனை மீட்டெடுக்கும் வழி யாது என்பதை அவர்கள் சொல்லிவைக்கவில்லை. சென்ற பங்குனி மாதத்தில், தலவாக்கலைப் பட்டினத்துக் கராஜ் ஒன்றில், காலை விட்டுவிட்டுத் தூக்க மாட்டாமல் நின்ற ஒரு பழைய மோட்டார்ப் படகை நாம் காண நேர்ந்தது. அதன் கதையை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். படகு வைத்திருப்போர் நம்மிடையே மிகச் சிலரே. ஆயினும், பழுதொன்றை எவ்வாறு ஆராய்வது என்பது எல்லா வீட்டுக்கும் வேண்டிய பாடமாகையால், படகில்லாதவரும் இதனை வாசிக்கலாம்.

தேயிலைக் கொழுந்துக்கும் தொழிற்சாலைச் சங்குக்கும் பேர்போன தலவாக்கலைக்குப் படகு எங்கிருந்து வந்தது என்று சிலர் வியக்கக்கூடும். மலைநாடு என்றாலே நீர்நிலைகளின் நாடு என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். நுவரெலியாவின் கிரகரி வாவி, தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது. நம் பட்டினத்தின் அருகிலேயே கொத்மலை ஓயாவை மறித்துக் கட்டிய அணை நிற்கின்றது. 150 மெகாவாட் மின்சாரம் தரும் மேல் கொத்மலைத் திட்டம் 2012ஆம் ஆண்டிலே தொழிற்படத் தொடங்கியது. இவற்றுள் கிரகரி வாவியிற்றான் உல்லாசப் படகோட்டம் நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றது. சித்திரை மாத வசந்த காலத்தில் அங்கே கூடும் கூட்டத்தை நம்பி வாழும் குடும்பங்கள் பல.

அத்தகைய ஒருவருடைய படகே நாம் கண்டது. கரையோரப் பட்டினமொன்றிற் பழைய படகாக வாங்கி, மனைவியின் நகைகளை அடகுவைத்து மலைக்கு ஏற்றிவந்திருந்தார். முதன்முதல் வாவியில் இறக்கிய அன்றே அதன் கால் கீழே இறங்கியது. மீண்டும் மேலே வரவில்லை. அப்படியே கரைக்கு இழுத்தபோது காலின் அடித்தகடு கல்லிற் பட்டு முனை சிதைந்தது. இறுதியில், கால் பின்னே வெளியில் நீட்டிக்கொண்டிருக்க, லொறியொன்றில் ஏற்றித் தலவாக்கலைக்குக் கொண்டுவந்தார்கள். தொலைபேசியில் ஆலோசனை கேட்டபோது ஒருவர், “பம்பு போய்விட்டது, முழுவதையும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும்” என்று கூறிவிட்டாராம். தருவித்தாற் சித்திரை கழிந்துவிடும். சித்திரை கழிந்தால் நகைகளும் கழிந்துவிடும்.

கராஜின் சொந்தக்காரர் நம்முடைய பழைய மாணவர். தோட்டத்து லயத்திற் பிறந்தவர். தாயார் கொழுந்தெடுத்துப் படிக்க வைத்தார். சாதாரண தரத்திற் கணிதம் தவறியதால் உயர்தர விஞ்ஞான வகுப்பில் இடம் கிடைக்கவில்லை. இடம் கொடுக்காதவர்களுள் நாமும் ஒருவர் என்பதை இங்கே ஒளிக்க வேண்டுவதில்லை. தோட்டத்து லொறிகளையும் டிராக்டர்களையும் திருத்திப் பெயரெடுத்த அவர், அதற்கு முன் படகு எதையும் தொட்டவரல்லர்.

“ஏன் தம்பி இதை ஏற்றுக்கொண்டாய்?” என்று கேட்டோம்.

“டிராக்டருடைய கலப்பையைத் தூக்குவதும் எண்ணெய்தான், இதைத் தூக்குவதும் எண்ணெய்தான், ஐயா. பார்க்காமலே பம்பு போய்விட்டதென்று சொன்னதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை” என்றார்.

படகுக்குக் கால் ஏது?

மோட்டார்ப் படகுகளில் இயந்திரம் பூட்டும் முறைகளுள் மூன்றை இங்கே அறிந்துகொண்டாற் போதும். இயந்திரம் படகின் நடுவே இருந்து, அதிலிருந்து நீண்ட தண்டொன்று அடித்தளத்தைத் துளைத்துச் சென்று நீருக்குள் விசிறியைச் சுழற்றுவது ஒன்று. இயந்திரம் முழுவதுமே படகின் பின்பலகைக்கு வெளியே தொங்குவது மற்றொன்று. நம் மீனவர்கள் பெரிதும் கையாளுவது இதுவே. இயந்திரம் படகின் உள்ளே பின்பக்கத்திலிருக்க, விசிறியைத் தாங்கும் பகுதி மட்டும் பின்பலகைக்கு வெளியே தொங்குவது மூன்றாவது. இதனை ‘ஸ்டெர்ன் டிரைவ்’ என்பர். ஜிம் வின் என்னும் அமெரிக்கப் பொறியியலாளரின் கருத்தை ஏற்று, சுவீடன் தேசத்து வொல்வோ பென்டா நிறுவனத்தார் ‘அக்குவாமாட்டிக்’ என்ற பெயருடன் 1959ஆம் ஆண்டிலே இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின்னரே இம்முறை உலகெங்கும் பரவியது.

வெளியே தொங்கும் பகுதியை இக்கட்டுரையிற் ‘கால்’ என்றே அழைப்போம். அக்கால், முழங்கால் மடிவதுபோலப் பின்னோக்கி மேலே உயரவல்லது. ஆழங்குறைந்த இடத்தில் விசிறி தரையில் மோதாதிருக்கவும், படகைக் கரையேற்றவும் அது உயர்த்தப்பட வேண்டும். ஓடும்போது சிறிதளவு முன்பின்னாகச் சரித்தால், படகின் முன்முனை தாழ்ந்தும் நிமிர்ந்தும் செல்லும். இவ்வளவுக்கும் காரணம் காலின் இருபுறமும் பொருத்திய இரண்டு எண்ணெய் உருளைகள். படகினுள்ளே இருக்கும் சிறு மின்மோட்டார் ஒரு பம்பைச் சுழற்ற, பம்பு எண்ணெயை உருளைகளுக்குள் தள்ளுகின்றது. உருளைகளிலிருந்து தண்டுகள் வெளிப்பட்டுக் காலை உயர்த்துகின்றன. மிகப் பழைய சில வகைகளில் எண்ணெய்க்குப் பதிலாகப் பற்சக்கரங்களே இவ்வேலையைச் செய்யும். நம் படகு எண்ணெய் வகையைச் சேர்ந்தது.

இதன் அடிப்படை, 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் கண்ட விதி. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமற் பரவும். ஒரு சதுர அங்குலப் பரப்பிற் பத்து இறாத்தல் விசையைக் கொடுத்தால், இருபது சதுர அங்குலப் பரப்பில் இருநூறு இறாத்தல் விசை கிடைக்கும். இவ்விதியைக்கொண்டு ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலேயர் 1795இல் நீரழுத்தப் பொறியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். லொறியைத் தூக்கும் ஜாக்கியும் படகின் காலைத் தூக்கும் உருளையும் அப்பொறியின் வழிவந்தவையே.

காதே முதற் கருவி

நம் மாணவர் திருகுசாவியை எடுப்பதற்கு முன் செய்த வேலை ஒன்று உண்டு. பெற்றோல் இயந்திரமிருக்கும் அறையின் மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றோட விட்டார். பெற்றோல் ஆவி தேங்கிய இடத்தில் ஒரு சிறு மின்பொறி போதும். படகும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டார். பின்னர்ப் பற்றரியைச் சோதித்து, அதன் முனைகளிற் படிந்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டித் துடைத்து இறுக்கினார். அதன்பின்னரே பொத்தானில் விரலை வைத்தார்.

ஏற்றும் பொத்தானை அழுத்தியதும் ‘டக்’ என்ற ஒலி மட்டும் கேட்டது. மோட்டார் சுழலவில்லை. இறக்கும் பொத்தானை ஒரு கணம் அழுத்தியதும் ‘டக்’ என்ற ஒலியோடு மோட்டாரும் உறுமியது. அவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

“பாதி வழக்கு முடிந்தது, ஐயா.”

எவ்வாறு முடிந்தது என்பதை வாசகர்கள் சற்றே சிந்திக்க வேண்டும். இத்தகைய பழுதுகளை ஒலியைக்கொண்டே மூவகையாகப் பிரிக்கலாம். எந்த ஒலியும் எழாவிடில், பற்றரி, பியூஸ், பொத்தான், அவற்றை இணைக்கும் வயர் ஆகியவற்றுள் ஒன்றிற் குறையிருக்கும். ‘டக்’ என்ற ஒலி கேட்டும் மோட்டார் சுழலாவிடில், மின்சாரத்தை மோட்டாருக்கு விடும் சொலினோயிட் என்ற சாதனத்திலோ, மோட்டாரிலோ, அவற்றிடையேயுள்ள தடித்த வயரிலோ குறையிருக்கும். மோட்டார் சுழன்றும் கால் அசையாவிடில், குறை எண்ணெயிலோ பம்பிலோ உருளையிலோ இருக்கும். அல்லது கால் மடியும் மூட்டுத் துருவேறி இறுகியிருக்கும்.

இப்படகில், இறக்கும்போது மோட்டார் சுழல்கின்றது. ஆகவே பற்றரியும் பெரிய பியூசும் மோட்டாரின் பெரும்பகுதியும் நலமாயுள்ளன. ஏற்றும்போது ‘டக்’ என்கின்றது. ஆகவே பொத்தானும் அதன் வயரும் நலமாயுள்ளன. எஞ்சியவை ஏற்றும் சொலினோயிட், அதிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் வயர், மோட்டாரினுள் ஏற்றத்துக்கென அமைந்த கம்பிச்சுருள் ஆகிய மூன்றே. பம்பு போய்விட்டது என்ற தீர்ப்புக்கு இதுவரையிற் சாட்சியமில்லை.

அடுத்து, இரண்டு வயர்கள் பொருத்திய சிறு பல்பொன்றை எடுத்தார். பொத்தானை அழுத்தியிருக்கச் செய்து, ஏற்றும் சொலினோயிட்டிற்கு மின்சாரம் வந்து சேரும் முனையில் வைத்தார், பல்பு எரிந்தது. மின்சாரம் வெளியேறும் முனையில் வைத்தார், எரியவில்லை. கதவு திறக்கும் ஒலி கேட்கின்றது, ஆள் வெளியே வரவில்லை என்பதுபோல! உள்ளிருக்கும் செப்புத் தொடுமுனைகள் கருகியோ களிம்பேறியோ இருக்க வேண்டும் என்று ஊகித்தார்.

ஊகத்தோடு நின்றுவிடவில்லை. ஏற்றுவதற்கும் இறக்குவதற்குமான சொலினோயிட்டுகள் இரண்டும் ஒரே மாதிரியானவை. பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டினார். இணைப்பை மீண்டும் கொடுத்து ஏற்றும் பொத்தானை அழுத்தியதும் மோட்டார் முழங்கியது; கால் மெல்ல மெல்ல மேலே எழுந்தது. இப்போது இறக்கும் பொத்தான்தான் ‘டக்’ என்று மட்டும் சொல்லியது. பொருளோடு பழுதும் இடம் மாறியதாகையால் குற்றவாளி யாரென்பதில் ஐயமில்லாமற் போயிற்று.

இரவில் இறங்கிய கால்

படகின் சொந்தக்காரர் மகிழ்ச்சியாற் கைகூப்பினார். நாமும் மகிழ்ந்து, உயர்ந்து நின்ற காலின் கீழே குனிந்து விசிறியைத் தொட்டுப் பார்க்க முயன்றோம். அக்கணமே நம் தோளைப் பற்றிப் பின்னே இழுத்தார் நம் மாணவர்.

“கட்டை வைக்காமல் அடியிற் போகக்கூடாது, ஐயா!”

வகுப்பிலே நாம் அவரை அதட்டியதுண்டு. அவர் நம்மை அதட்டியது அதுவே முதல் தடவை. வேலை பழகும் பையனை அழைத்து, தடித்த மரக்கட்டையொன்றைக் காலின் கீழே ஒரு சாண் இடைவெளிவிட்டு நிறுத்தச் செய்தார். “நின்றுகொண்டுதானே இருக்கு, அண்ணே?” என்று பையன் கேட்டான். “எண்ணெயை நம்பி நிற்குது. எண்ணெய் எதை நம்பி நிற்குதென்று நமக்குத் தெரியாது” என்பதே விடையாக இருந்தது.

மறுநாட் காலையில் நாம் சென்று பார்த்தபோது, இரவில் எவரும் தொடாதிருக்கவே, கால் ஒரு சாண் இறங்கி அக்கட்டையின்மேல் அமர்ந்திருந்தது. இறக்கும் பொத்தானோ வேலை செய்யாத நிலையிலிருந்தது. ஆகவே மின்சாரம் இதனை இறக்கவில்லை. தன் பாரத்தாலேயே இறங்கியிருக்கின்றது. கட்டை இல்லாதிருந்து, ஒரு கையோ காலோ அதன்கீழ் இருந்திருப்பின் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணவே நம் உடல் நடுங்கிற்று.

முதற்பழுது நீங்கியதனாலேயே இரண்டாம் பழுது வெளிப்பட்டது. உயராத கால் இறங்குமா என்பதை எவர் அறிவார்?

எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். இவ்வகையில் எண்ணெயின் அளவைக் கால் முழுவதும் இறங்கிய நிலையிலேயே பார்க்க வேண்டும். உயர்ந்த நிலையிற் பார்த்தால் உருளைகளுக்குட் சென்ற எண்ணெய் குறைவாகத் தோன்றி, அறியாதவரை மேலும் ஊற்றச் செய்யும். அளவு எவ்வாறிருப்பினும், நிறமே கதையைச் சொல்லிவிட்டது. தெளிவாக இருக்க வேண்டிய எண்ணெய் பால் கலந்த தேநீரைப்போல வெளிறியிருந்தது. தண்ணீர் கலந்ததன் அடையாளம் அது.

ஆயினும் எண்ணெய் எவ்வழியாகக் கசிந்து காலை இறக்குகின்றது என்பது தெரிய வேண்டும். உருளைகளின் வெளிப்புறம் உலர்ந்திருந்தமையால் வெளிக்கசிவு இல்லை. உட்கசிவாயின் வழி இரண்டு. உருளையினுள்ளே உள்ள றப்பர் வளையம் தேய்ந்து, எண்ணெய் தண்டின் தலையைச் சுற்றி மறுபக்கம் போகலாம். அல்லது, போன எண்ணெயைத் திரும்ப விடாமற் காக்கும் பம்பின் வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம்.

இதனைப் பிரித்தறிய அவர் செய்த சோதனை எளியது. காலை உயர்த்திக் கட்டையால் உறுதியாகத் தாங்கச் செய்தார். ஏற்றும் எண்ணெய் செல்லும் குழாயைப் பம்பிலிருந்து கழற்றி, உருளையின் பக்கத்து முனையை இறுக அடைத்தார். இறக்கும் குழாயின் முனையை ஒரு வெறும் பால்மா டின்னுக்குள் விட்டார். பிறகு கட்டையைச் சற்றே தாழ்த்திக் காலின் பாரத்தை எண்ணெயின்மேல் விட்டார். உருளை பழுதாயின், எண்ணெய் மறுபக்கம் வந்து டின்னிற் சொட்டும், காலும் இறங்கும். வால்வு பழுதாயின், வால்வு இப்போது வழியிலே இல்லாதபடியால், கால் அசையாது.

தேநீர் அருந்தினோம். மதியம் உணவருந்தி வந்தோம். ஆரம்பத்தில் விழுந்த சில துளிகளுக்குமேல் டின்னில் எதுவும் சேரவில்லை. கால் கல்லைப்போல நின்றது. உருளைகள் நலம், குற்றம் வால்வினுடையது.

ஒரே காரணம்

பம்பைக் கழற்றித் திறந்தபோது, வால்வு அமரும் இடத்தில் துருத்தூளும் பசைபோன்ற அழுக்கும் படிந்திருந்தன. கதவிடுக்கிற் சிறு கல் சிக்கினாற் கதவு மூடாது; அதுவே இங்கும். உடைந்தது எதுவுமில்லை. துடைத்துச் சுத்தஞ்செய்து, றப்பர் வளையங்களை மாற்றி, பழைய எண்ணெயை முற்றாக வடித்து, அப்பம்புக்குரிய புதிய எண்ணெயை ஊற்றினார். காலைப் பலமுறை ஏற்றி இறக்கி, இடையிடையே எண்ணெயின் அளவை நிரப்பி, குழாய்களிற் சிக்கியிருந்த காற்றை வெளியேற்றினார். பழுதான சொலினோயிட்டுக்குப் பதில் புதியதொன்றைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரவழைத்தார்.

இத்துடன் வேலை முடிந்தது என்று நாம் எண்ணினோம். அவர் எண்ணவில்லை. “இந்த இரண்டு பழுதும் ஏன் ஒன்றாய் வந்தது, ஐயா?” என்று கேட்டுக்கொண்டே படகின் அடியைத் துழாவினார். அங்கே, பம்பு பூட்டியிருந்த இடத்துக்கு மேலே, பலகையில் நீர் தேங்கிநின்ற கறை கோடிட்டிருந்தது. கிழிந்த படங்கின்கீழ்ப் பல காலம் மழையில் நின்ற படகு அது. தேங்கிய மழைநீர் பம்பையும் சொலினோயிட்டையும் மூழ்கடித்திருக்கின்றது. அந்நீரே ஒன்றிற் களிம்பையும், மற்றொன்றில் எண்ணெயோடு கலந்து துருவையும் உண்டாக்கியது. நோய் இரண்டு, வேர் ஒன்று. பம்பை ஒரு முழம் உயர்த்திப் பூட்டி, அடைபட்டிருந்த வடிகாற் துளையையும் திறந்துவிட்ட பிறகே அவர் கைகழுவினார்.

பழைய படகு வைத்திருப்போர்க்கு அவர் கூறிய அறிவுரைகளையும் இங்கே சேர்க்கின்றோம். சில படகுகளிற் கால் சிறிதளவு உயர்ந்து நின்றுவிடும். உடனே பழுதென்று கலங்க வேண்டாம். ஓடும்போது அளவுமீறி உயராதிருக்க அவ்வாறு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கின்றார்கள். கரையேற்றும்போது முழுவதும் உயர்த்த வேறு பொத்தான் இருக்கும். முழுவதும் உயர்த்திய நிலையில் இயந்திரத்தை ஓட்டலாகாது. மடிந்த மூட்டினூடே சுழலும் இணைப்புகள் கெடும். கரையில் நிற்கும்போது குளிர்விக்கும் நீர் கொடுக்காமலும் ஓட்டலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உயர்ந்த காலின் கீழே கட்டையில்லாமல் எவரும் போகலாகாது.

விடை கிடைத்த கேள்வி

சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன்னதாகப் படகு மீண்டும் கிரகரி வாவியில் இறங்கியது. நம்மையும் அழைத்துச் சென்றார்கள். குளிர்காற்று வீச, ஆழத்தில் ஒரு சுற்று ஓடிவிட்டுக் கரையை அணுகியதும் சொந்தக்காரர் பொத்தானை அழுத்தினார். நீர் சொட்டச் சொட்டக் கால் மேலே எழுந்து நின்றது. கரையில் நின்ற அவருடைய மனைவி அதனையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் இன்னும் நகை ஏறவில்லை. முகத்திலிருந்த கவலை மட்டும் இறங்கியிருந்தது.

சொந்தக்காரர் வெற்றிலை வைத்துப் பணத்தை நீட்டியபோது, நம் மாணவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு வெற்றிலையை நம்மிடம் தந்தார். “ஐயாதான் எனக்கு இதைப் படிப்பித்தவர், முதலாளி” என்றார்.

நாம் தலைகுனிந்தோம். காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், பஸ்காலின் விதியை நாம் கரும்பலகையில் எழுதியபோது பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமென்றால், பாரம் மட்டும் ஏன் ஒரு பக்கமாய் நகருது, ஐயா?” என்று கேட்டான். பரீட்சைக்கு அது வராது, உட்கார் என்று நாம் சொன்னோம். அம்மாணவனே இவர்.

திரும்பி வரும் வழியில், நானுஓயாவைத் தாண்டும்போது அந்தக் கேள்வியை நினைவூட்டி, “இப்போது விடை தெரியுமா, தம்பி?” என்று கேட்டோம்.

“தெரியும், ஐயா. மறுபக்கத்து எண்ணெய்க்குப் போக வழி விடுறாங்க. வழி விட்ட பக்கத்துக்குத்தான் நகரும். அந்த வழியைத் திறந்து மூடுறதுதான் வால்வு. நான் துடைச்சது அதைத்தானே” என்றார்.

இதனினும் தெளிவான விளக்கத்தை நாம் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. அடுத்த தவணையில் அப்பாடம் வரும் நாளில், ஒரு பால்மா டின்னோடும் பழைய எண்ணெய் உருளையொன்றோடும் நம் வகுப்புக்கு வந்து பேசவேண்டுமென்று அவரிடம் கேட்டோம். கராஜைப் பூட்டிவிட்டு வர ஒரு மணித்தியாலந்தான் கிடைக்கும் என்று சொல்லி இசைந்திருக்கின்றார். பின்வாங்கு மாணவர்களை அன்று முன்னே அமர்த்துவதாக நாம் தீர்மானித்துள்ளோம்.